எல்லாக் கையும் மேலே

அக்கா, அந்தச் சார்ட்டு மேல மட்டும் சாஞ்சிராதீங்க. மடங்கிப் போச்சுன்னா அதுக்கு வேற நான் யார் கால்லயாவது விழணும். இப்பவே ஒருத்தி கால்ல விழத்தான் போய்க்கிட்டிருக்கேன். விளையாட்டுக்குச் சொல்லலக்கா, நிஜமாத்தான். திருச்சுழியில பஸ்ஸை விட்டு இறங்கி, அவ வீடு எதுன்னு விசாரிச்சு, வாசல்ல நின்னு, தாயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மான்னு கேக்கணும். நாளைக்குக் காலேஜ்ல ரெக்கார்டை ஒப்படைச்சாகணும். கையெழுத்து இல்லாட்டி பிராக்டிகல் பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க. உக்காரலைன்னா இந்த வருசம் பி.எட். கிடையாது. பி.எட். இல்லைன்னா எனக்கு வேலை கிடையாது. நீங்க எங்க இறங்கணும்? நரிக்குடியா? அப்ப எனக்கப்புறந்தான். நல்லதாப் போச்சு, யாருகிட்டயாவது கொட்டலைன்னா இன்னைக்கு எனக்கு நெஞ்சே வெடிச்சிரும்.

மகளோட ரெக்கார்டுன்னா நினைச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ரெக்கார்டுக்கு அட்டை போட்டுக் குடுத்தானே கடைக்காரன், அவனே கேட்டான், பாப்பா எந்தக் காலேஜ்னு. நான்தான்பா அந்தப் பாப்பான்னு சொன்னேன். இந்த வயசுல காதுல கம்மலும் கையில கத்திரிக்கோலுமா உக்காந்து வண்ணத்தாள் வெட்டுறேன்க்கா. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, ரெண்டாவது தடவையா பள்ளிக்கூடம் போறியாங்கிறார். அவருக்கென்ன, தறி ஓடுனா ஓடும், இல்லைன்னா திண்டாடும். வீடு ஓடுறது என் வேலையிலதான்.

நான் அருப்புக்கோட்டையில ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். இந்திராணி டீச்சர்னு கேட்டுப் பாருங்க, பஜார்ல பாதிப் பேருக்குத் தெரியும். காய்கறிக்காரன், பேங்குல இருக்கிற பையன், மருந்துக்கடைப் பொண்ணு, எல்லாம் எங்கிட்டப் படிச்சதுங்கதான். காலேஜ் முடிச்ச கையோட சேந்தேன். பி.எஸ்சி. கணக்கு. அப்ப பி.எட். எல்லாம் யாரும் கேக்கல. பாடம் வருதா, பிள்ளைங்க சத்தம் போடாம இருக்காங்களா, அது போதும். இப்பத்தான் சட்டம், விதி, தகுதின்னு ஒண்ணொண்ணா வருது. தாளாளர் கூப்பிட்டு உக்கார வச்சார். நல்ல மனுசன். டீச்சர், பி.எட். இல்லாதவங்களை நான் இனிமே வச்சுக்க முடியாது, முடிச்சிட்டு வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான்னார். அப்படிச் சொன்னவர்தான், போன வாரம் ஒரு சின்னப் பொண்ணை வரச்சொல்லி டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லியிருக்கார். என் கிளாஸ்ல. என் போர்டுல. ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த வேலை போச்சுன்னா நான் யாருக்கா? தெருவுல போனா டீச்சர் போறாங்கன்னு சைக்கிள்ல இருந்து இறங்குறாங்களே, அப்புறம் எதுக்கு இறங்குவாங்க? இதை நினைச்சாலே எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

சரின்னு சேந்தேன். காலேஜ்ல கூடப் படிக்கிறதெல்லாம் என் பிள்ளை வயசு. ஆன்ட்டின்னு கூப்பிடும். பாடம் என்ன தெரியுமா? குழந்தை உளவியல், கற்றல் கோட்பாடு, மதிப்பீடு. எலியைக் கூண்டுல அடைச்சுப் பாத்தானாம், நாய்க்கு மணியடிச்சுப் பாத்தானாம், அதை வச்சு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். நுண்ணிலைக் கற்பித்தல்னு ஒண்ணு. கூடப் படிக்கிறதுங்களே மாணவங்களா உக்காந்துக்கும், நாம கொஞ்ச நேரம் பாடம் நடத்தணும். ஒரு தடவை கரும்பலகையில எழுதுறது, ஒரு தடவை கேள்வி கேக்குறதுன்னு தனித்தனியாப் பழகணும். நான் எத்தனையோ வருசமா எழுதுன போர்டுக்கா. ஒரு வாண்டு எந்திரிச்சு, ஆன்ட்டி, நீங்க எங்க முகத்தைப் பாக்கவே இல்லைங்குது. கணக்கு முகத்துலயாடி இருக்கு, போர்டுல இருக்குன்னேன். எல்லாம் சிரிச்சதுங்க.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. கேள்வி கேட்டதும் உடனே பதிலை எதிர்பார்க்கக் கூடாதாம். காத்திருக்கணுமாம். அதுக்கு 'காத்திருப்பு நேரம்'னு பேரே வச்சிருக்கான். அது பரீட்சையில வந்துச்சு. நான் அப்படியே மனப்பாடம் பண்ணி, அடிக்கோடு போட்டு எழுதி, முழு மார்க்கு வாங்குனேன். படிப்புல எனக்கு ஒரு குறையும் கிடையாதுக்கா. குறையெல்லாம் இந்தக் கையெழுத்துலதான்.

ரெண்டாவது வருசம் கற்பித்தல் பயிற்சின்னு வெளிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க. எனக்கு ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அங்க இருக்கிற கணக்கு டீச்சர்தான் நமக்கு வழிகாட்டி. நாம எழுதுற பாடத்திட்டத்தையும், எடுக்குற கிளாஸையும் பாத்து அவங்க கையெழுத்துப் போடணும். முதல் நாள் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போறேன், இவங்கதான் உங்க கைடு டீச்சர்னு காட்டுறார். பாத்தா, எங்கிட்டப் படிச்ச சந்தனமாரி! என்னைப் பாத்ததும் விசுக்குனு எந்திரிச்சு நின்னுட்டா. டீச்சர்னா. எனக்கு வயித்துல பால் வாத்தது மாதிரி இருந்துச்சு. நம்ம பிள்ளை, இனிமே கவலையே இல்லைன்னு நினைச்சேன்.

ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் பெருமையாச் சொன்னேன். சார், இவ எங்கிட்ட ஏழாப்பு படிச்சவ. அப்பல்லாம் ஒண்ணுமே வராது. வாயத் தொறக்க மாட்டா. கல்லு மாதிரி உக்காந்திருப்பா. அப்படிப்பட்ட பிள்ளை இப்ப கணக்கு டீச்சர்னா பாத்துக்கங்களேன்னேன். எல்லாரும் சந்தனமாரியைத் திரும்பிப் பாத்தாங்க. அவ சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளாஸுக்குப் போயிட்டா. கூச்ச சுபாவம். சின்னப்ப இருந்தே அப்படித்தான்.

அவ எப்படிக் கணக்கு டீச்சர் ஆனான்னு எனக்கு இன்னைக்கும் விளங்கலக்கா. பக்கத்து ஊருல தமிழ்ல படிச்சிட்டு எங்ககிட்ட வந்தா. எங்க பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். ஜூன் மாசமே நான் தரம் பிரிச்சிருவேன். எனக்குன்னு ஒரு முறை இருக்கு. அதைச் சொன்னா நீங்களே மெச்சுவீங்க.

இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு வச்சுக்கங்க. அதிகாரி வந்து பின்னால உக்காருவார். டீச்சர் கேள்வி கேக்கணும், பிள்ளைங்க கை தூக்கணும். பாதிப் பேருதான் தூக்குனாங்கன்னா யாருக்கு அசிங்கம்? டீச்சருக்கு. அதனால நான் சொல்லி வச்சிருவேன். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. நான் வலது கை தூக்கினவங்களை மட்டும் எழுப்புவேன். அதிகாரிக்குக் கிளாஸ் முழுக்கக் கை தெரியும். தெரியாத பிள்ளைக்கும் அவமானம் கிடையாது. எம்புட்டு அழகு பாருங்க! அந்த அதிகாரி வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டே, இப்படி ஒரு வகுப்பை நான் பாத்ததில்லைன்னு சொல்லிட்டுப் போவார். அதுக்கப்புறம் எங்க பள்ளிக்கூடத்துல எல்லா டீச்சரும் என் முறையைத்தான் வச்சுக்கிட்டாங்க.

அப்பப்ப கேட்டு அப்பப்ப தூக்குனா குழப்பம் வரும்னு, யாருக்கு எந்தக் கைன்னு வருச ஆரம்பத்துலயே நானே முடிவு பண்ணிருவேன். சந்தனமாரிக்கு இடது கை. அந்த வருசம் முழுக்க அவளை நான் ஒரு தடவைகூட எழுப்பல. தெரியாத பிள்ளையை எழுப்பி நிக்க வச்சுக் கேலி பண்ணுற டீச்சர் நான் இல்லக்கா. அவளைப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேன்.

ஒரே ஒரு தடவை மறந்துட்டா. அதிகாரி உக்காந்திருக்கார், நான் ஒரு பின்னக் கணக்கு கேட்டேன். இவ வலது கையைத் தூக்கிட்டா. சும்மா இல்ல, பெஞ்சை விட்டு எந்திரிக்கிற அளவுக்கு ஒசத்தித் தூக்குறா. எனக்குப் பதறிருச்சு. மெதுவா அவ பின்னால போயி, அந்தக் கையைப் பிடிச்சு இறக்கி, இடது கையைத் தூக்கி விட்டேன். கண்ணு, உன் கை அது இல்ல, இதுதான்னு காதுல சொன்னேன். திட்டலக்கா. சத்தமாக்கூடச் சொல்லல. அதுக்கப்புறம் அவ தப்பே பண்ணல. ஒவ்வொரு தடவையும் சரியா இடது கைதான்.

இதெல்லாம் அவ நினைவுல வச்சிருந்து நன்றி காட்டுவான்னு நான் நினைச்சேன். நடந்தது வேற.

பயிற்சியில எட்டாப்பு குடுத்தாங்க. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான். எங்க காலேஜ்ல இருந்து மேற்பார்வைக்குப் பேராசிரியர் வர்றார்னு சொன்னதும், நான் வழக்கம்போல வலது இடது பிரிச்சு, நல்லாப் பழக்கிட்டேன். அன்னைக்கு அவர் வந்து உக்காந்தார். சந்தனமாரியும் கடைசி பெஞ்சுல உக்காந்தா. மைனஸ் எண்கள் பாடம். சார்ட்டெல்லாம் மாட்டி, கேள்வி கேட்டேன். எல்லாக் கையும் மேலே! பேராசிரியர் முகத்துல ஒரு சிரிப்பு. நான் ஒருத்தனை எழுப்பினேன், பட்டுனு சொன்னான். இன்னொருத்தி, பட்டுனு சொன்னா.

அப்ப சந்தனமாரி எந்திரிச்சா. டீச்சர், நான் ஒரு கேள்வி கேக்கலாமான்னா. அவகிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா? மைனஸ் மூணுல இருந்து மைனஸ் அஞ்சைக் கழிச்சா என்ன வரும்னு கேட்டா. எல்லாக் கையும் மேலே. இவ மெதுவா நடந்து போயி, ஒரு பிள்ளைகிட்ட நின்னா. கௌசிகான்னு பேரு. இடது கைப் பிள்ளை. நீ சொல்லும்மாங்கிறா.

அந்தப் பிள்ளை முழிக்குது. கிளாஸ் அப்படியே நிக்குது. பேராசிரியர் பேனாவை மூடிட்டார். சந்தனமாரி அசையல. சொல்லுன்னு அதட்டவும் இல்ல, பதிலைச் சொல்லவும் இல்ல. வெளியில சத்துணவுக்கூடத்துல தட்டுக் கழுவுற சத்தம் கேக்குது. என் வாய் வரைக்கும் பதில் வந்துருச்சு. சந்தனமாரி என்னைப் பாத்து, வேணாம்னு தலையை ஆட்டுனா. அப்புறம் அந்தப் பிள்ளை, மிஸ் போர்டுக்கு வரட்டான்னு கேட்டுச்சு. வந்து ஒரு கோடு போட்டு, பூச்சியம் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புள்ளி வச்சு, தப்பாச் சொல்லி, அழிச்சு, திரும்பப் போட்டு, கடைசியில ரெண்டுன்னுச்சு. சரிதான். ஏதோ குருட்டாம்போக்குல வந்துருச்சு. ஆனா எவ்வளவு நேரம்! நான் மூணு கணக்கு முடிச்சிருப்பேன்.

அன்னைக்கு சாயங்காலம் ரெக்கார்டை நீட்டுனேன். சந்தனமாரி பாடத்திட்டத்தை எல்லாம் பொறுமையாப் படிச்சா. எழுத்து ரொம்ப அழகா இருக்கு டீச்சர்னா. அப்புறம் சொல்றா, "ஆனா நீங்க இன்னும் தெரியாத பிள்ளைகிட்ட ஒரு தடவைகூட கேக்கல. ஒரு கிளாஸ், இடது கை தூக்குற பிள்ளையை மட்டும் எழுப்பிக் கேளுங்க. அது சொல்ற வரைக்கும் நில்லுங்க. அன்னைக்கே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுடறேன்."

"பிள்ளைங்களை அவமானப்படுத்தச் சொல்றியாம்மா?"ன்னு கேட்டேன்.

"கேக்காம விடுறதுதான் டீச்சர் அவமானம்"னா.

பாருங்க, எப்படிப் பேசுறா! எங்கிட்டப் படிச்ச பிள்ளை.

சரி, காரியம் ஆகணுமே. கேட்டேன்க்கா. சத்தியமாக் கேட்டேன். மறுநாளே ஒரு இடது கைப் பயலை எழுப்பினேன். அவன் நிக்கிறான். நான் நிக்கிறேன். கடைசி பெஞ்சுல இவ உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா. முடியலக்கா. அந்தப் பய என் மூஞ்சியவே பாக்குறான். வாய் தானாப் பதிலைச் சொல்லிருச்சு. அடுத்த நாள் இன்னொரு பிள்ளை. அன்னைக்கும் சொல்லிட்டேன். வாயில கைக்குட்டையை வச்சு அழுத்திக்கிட்டுக்கூட நின்னு பாத்தேன். விரலால போர்டுல காட்டிட்டேன்! அந்த வாரம் முழுக்க இப்படியே போச்சு. காத்திருப்பு நேரத்துக்கு முழு மார்க்கு வாங்குனவ நான். ஒரு பிள்ளை முன்னால சும்மா நிக்கத் தெரியல. ராத்திரி படுத்தா, அந்தப் பய நிக்கிறது கண்ணுக்குள்ள வருது. எங்க வீட்டுக்காரர் ஏன் அழுறேன்னு கேட்டா, என்னன்னு சொல்லுவேன்?

பயிற்சி முடிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். எனக்கு வேற வழி தெரியல. ஒரு டப்பா சேவும், முறுக்கும் வாங்கிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். எல்லாரும் இருந்தாங்க, தமிழ் ஐயா, அறிவியல் டீச்சர், எல்லாரும். மானத்தை விட்டுட்டுக் கேட்டேன். சந்தனமாரி, உனக்கு என்னதான்மா வேணும்? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? எத்தனை வருசமாக் கட்டிக் காத்த பொழப்பும்மா இது. உன் ஒரு கையெழுத்துல நிக்குதுன்னு சொன்னேன்.

அவ பேனாவை எடுத்தா. ரெக்கார்டைத் தொறந்து வச்சா. எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் பேனாவைக் கையிலயே வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"டீச்சர், என்னைய ஒரு கேள்வி கேளுங்க."

"என்னம்மா?"

"ஒரே ஒரு கேள்வி. கணக்குலயே கேளுங்க. நான் பதில் சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. சுத்தி அம்புட்டுப் பேரும் வேலையை விட்டுட்டு எங்களையே பாக்குறாங்க. இவ அங்க கணக்கு டீச்சர். நான் ஒண்ணு கேட்டு, இவ தெரியாம நின்னுட்டான்னா? இவ மரியாதை என்னாகிறது? அன்னைக்குப் பொத்திப் பாத்துக்கிட்ட பிள்ளையை இன்னைக்கு நாலு பேரு முன்னால நிக்க வைக்க எனக்கு மனசு வருமா? கன்னத்தைத் தொட்டு, உனக்கு எதுக்கும்மா அந்தச் சங்கடமெல்லாம், வேணாம்டா கண்ணுன்னு சொன்னேன்.

அவ முகம் ஒரு மாதிரி ஆயிருச்சுக்கா. ஏழாப்புல உக்காந்திருப்பாளே, அதே முகம். பேனாவை மூடுனா. ரெக்கார்டை என் பக்கம் தள்ளி வச்சா. பெல் அடிச்சுச்சு, கிளாஸுக்குப் போயிட்டா. தமிழ் ஐயா மட்டும் என்கிட்ட வந்து, ஏம்மா, ஒரு கேள்வி கேட்டிருக்கலாமேன்னார். அவருக்கென்ன தெரியும்? நான் அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்? என்னக்கா, இப்படிப் பாக்குறீங்க? நீங்களும் அவரு மாதிரிதான் நினைக்கிறீங்களா?

சரி, அப்படியே இருக்கட்டும். நேத்துப் பூரா யோசிச்சேன். கேட்டாத்தான் போடுவான்னா, கேட்டுட வேண்டியதுதான். அவ வீட்டுல வச்சுக் கேட்டா நாலு பேரு இருக்க மாட்டாங்க. அவ சொல்லலைன்னாலும் வெளியில தெரியாது. ஆனா என்ன கேக்குறதுன்னுதான் விளங்கல. வாய்ப்பாடு கேக்கலாம்னு பாத்தேன், அது ரொம்பச் சின்னதாப் போயிரும், கிண்டல் பண்றேன்னு நினைப்பா. பெருசா ஏதாவது கேட்டு அவ முழிச்சிட்டா, கையெழுத்தும் போச்சு, அவ மனசும் போச்சு. முழிச்சா நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும் வேற. என்னால முடியுமா? காலையில இருந்து புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல.

அடுத்தது திருச்சுழிதானே? கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரு. அந்தச் சார்ட்டை எடுத்துக் குடுங்க. அக்கா, ஒரு உபகாரம். நீங்க பள்ளிக்கூடம் போனதில்லைன்னீங்க, பரவாயில்ல. உங்களுக்கே பதில் தெரியுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, போதும். சுலபமா இருக்கணும். அவளுக்குத் தெரிஞ்சதா இருக்கணும். என்னது, அவளுக்கு என்ன தெரியும்னா கேக்குறீங்க? அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நான்தான் அவளை ஒண்ணுமே கேட்டதில்லையே.